செங்கோட்டை – புனலூர் ரோட்டுக்கு ஏஎம்டி சின்னக் கார் சரிப்பட்டு வருமா?

மேற்குவாசல் (செங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். சின்னக் கார் ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறோம். எனக்கு வேலை புனலூரில். வெயில் நாளில் பைக், மழை பிடித்துவிட்டால் பஸ் என்று ஓட்டிவிட்டேன். இப்போது அம்மாவுக்கும் மாதா மாதம் வைத்தியம் அங்கேதான் என்று ஆகிவிட்டது, இனிமேல் கார் இல்லாமல் முடியாது. பட்ஜெட் ஆறு லட்சத்துக்குள் என்பதால் புதிதோ பழையதோ ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, செலேரியோ, வேகன்ஆர், டியாகோ, க்விட் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பதற்குக் காரணம் என் இடது முழங்கால். ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது, டாக்டர் கிளட்ச் மிதிப்பதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரியும் ஓட்டப் பழக வேண்டும், அவளுக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் தெரியும். இந்த விலையில் ஆட்டோமேட்டிக் என்றாலே ஏஎம்டிதான் (மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் வண்டியே இயக்கிக்கொள்ளும் வகை) கிடைக்கிறது.

ரோடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கோட்டையிலிருந்து புளியரை வரை சமதளம், வயலும் தென்னையுமாகப் போகும். புளியரை தாண்டியதும் எஸ் வளைவு. அங்கிருந்து கோட்டைவாசல் வரை ஏற்றம், அப்புறம் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று இறக்கமும் வளைவுமாகப் புனலூர் வரை ஐம்பது கிலோமீட்டர் போல. கேரளாவுக்கு எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் எல்லாம் இந்த ஒரே ரோட்டில்தான் ஏறுகின்றன. எஸ் வளைவில் ஒரு லாரி மூச்சு முட்டி நின்றால் வரிசை கீழே செக்போஸ்ட் வரைக்கும் வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிமார் வண்டிகள் வேறு.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "ஏஎம்டி சிட்டிக்குத்தான், மலை ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளும், கிளட்ச் சீக்கிரம் கருகிவிடும்" என்று ஒருவர். "மைலேஜும் குறையாது, ஒரு பிரச்சினையும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எடு" என்று இன்னொருவர். தினமும் ஓட்டுகிறவர்கள் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. அந்த லாரி வரிசையில் ஏற்றத்தில் நின்று நின்று போக இது தாங்குமா? இறக்கத்தில் எஞ்சின் பிரேக் பிடிக்குமா? பழைய வண்டி எடுத்தால் எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

ஐந்தருவி ரோடு (தென்காசி)

அண்ணாச்சி, நான் முதல் தலைமுறை செலேரியோ ஏஎம்டி வைத்திருக்கிறேன். இந்தியாவில் ஏஎம்டியோடு வந்த முதல் கார் அதுதான், 2014-ல். வாங்கியதிலிருந்து தென்காசி பஜார், குற்றாலம் சீசன் நெரிசல், மாமனார் வீட்டுக்காகப் புனலூர், கொட்டாரக்கரை எல்லாம் அதில்தான். தாங்கும். ஆனால் எப்படி ஓட்டினால் தாங்கும் என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஷோரூமில் இதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கிடையாது. மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே ஐந்து கியர், அதே ஒற்றைக் கிளட்ச் பிளேட். கிளட்ச் மிதிக்கவும் கியர் மாற்றவும் மட்டும் உள்ளே ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஆளுக்கு முன்னால் இருக்கும் ரோடு தெரியாது. எதிரில் வளைவா, ஏற்றமா, லாரி நிற்கிறதா, நீங்கள் ஓவர்டேக் எடுக்கப் போகிறீர்களா, எதுவும் தெரியாது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள், வண்டி என்ன வேகத்தில் போகிறது, எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது, இதை வைத்துத்தான் முடிவெடுக்கும். ஆகவே கண் உங்களுடையது, நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

சமதளத்தில் என்ன நடக்கும் என்றால், ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்குப் போகும்போது இழுவை ஒரு கணம் விட்டுவிடும். எஞ்சின் வேகத்தைக் குறைத்து, கிளட்சைப் பிரித்து, கியரை மாற்றி, திரும்ப கிளட்சைச் சேர்க்க வேண்டுமே, அதற்கான நேரம் அது. ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டே இருந்தால் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது தலை முன்னே போய் பின்னே வரும், பின்சீட்டில் அம்மா இருந்தால் உடனே கேட்பார்கள். மாறப் போகிறது என்று எஞ்சின் சத்தத்திலேயே தெரியும், அந்த நேரத்தில் காலை லேசாகத் தளர்த்தி, மாறியதும் மறுபடி கொடுங்கள். ஒரு வாரத்தில் கால் தானாகச் செய்ய ஆரம்பித்துவிடும், அதற்கப்புறம் உலுக்கல் என்ற பேச்சே இருக்காது.

இப்போது உங்கள் எஸ் வளைவு. வரிசையில் ஏற்றத்தில் நிற்கும்போது பலர் செய்வது என்ன? பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டி பின்னால் போகாத அளவுக்கு ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து அப்படியே நிறுத்தி வைத்திருப்பார்கள். டார்க் கன்வர்ட்டர் (கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் அமைப்பு) வைத்த பெரிய கார் என்றால் அங்கே எண்ணெய்தான் சுற்றும், கொஞ்ச நேரத்துக்குப் பாதகமில்லை. ஏஎம்டியில் அந்த நேரம் முழுவதும் கிளட்ச் பிளேட் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் தேய்ந்துகொண்டிருக்கும். மேனுவல் வண்டியில் ஹாஃப் கிளட்ச்சில் ஏற்றத்தில் நிறுத்தி வைப்பதும் இதுவும் ஒன்றுதான். சூடு ஏறினால் மீட்டரில் விளக்கு மின்னும், பீப் அடிக்கும், அப்புறம் கருகல் வாடை. ஊரில் "கிளட்ச் கருகிவிடும்" என்று சொன்னவர் சொல்வது இதைத்தான், அது இப்படி நிறுத்தி வைப்பதால் வருவது.

சரியான முறை இது. நின்றால் பிரேக்கில் நில்லுங்கள், நீண்ட நேரம் என்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து என்-ல் (நியூட்ரல்) போடுங்கள். முன் வண்டி ஒரு சாண் நகர்ந்ததும் நாமும் ஒரு சாண் நகரக் கூடாது. இரண்டு மூன்று வண்டி நீளத்துக்கு இடம் விடும் வரை பொறுத்திருந்து, ஒரே மூச்சில் தயங்காமல் எடுத்து, கிளட்ச் முழுசாகச் சேரும்படி நகர்ந்து, மறுபடி நில்லுங்கள். பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், அடித்துவிட்டுப் போகட்டும். இதை மட்டும் பழகிக்கொண்டால் கிளட்ச் மேனுவல் வண்டியில் வருகிற அளவுக்கு வரும். என் வண்டி அதற்குச் சாட்சி.

பின்னால் உருள்வதைப் பற்றி. என் பழைய வண்டியில் ஹில் ஹோல்ட் கிடையாது. அதனால் ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, டி-ல் (டிரைவ்) ஆக்சிலேட்டர் கொடுத்து, முன்பக்கம் லேசாக எழும்பி வண்டி இழுக்கத் தொடங்குவது உடம்பில் தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுவேன். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. 2021-ல் வந்த புதிய செலேரியோவின் ஏஎம்டியிலும், 2022-க்குப் பிந்தைய வேகன்ஆர் ஏஎம்டியிலும் ஹில் ஹோல்ட் உண்டு. பிரேக்கிலிருந்து கால் எடுத்த பிறகு சுமார் இரண்டு வினாடி பிடித்து வைக்கும், அதற்குள் ஆக்சிலேட்டருக்குப் போய்விடலாம். உங்கள் ரோட்டுக்கு அது இருக்கிற வண்டியாகவே பாருங்கள்.

மீதி இரவில் எழுதுகிறேன், கடைக்கு ஆள் வந்துவிட்டது.

லோயர்கேம்ப் (கம்பம்)

நண்பருக்கு மாற்றுக் கருத்து. நான் குமுளி மலையில் தினமும் ஏறி இறங்குகிறவன். ஏஎம்டி வைத்திருந்து கொடுத்துவிட்டேன். உடைந்து போனது என்பதால் இல்லை, மலையில் அதன் தயக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து இரண்டிலா ஒன்றிலா என்று அது யோசிக்கிற நேரத்தில் வண்டி தளர்ந்துவிடும், பின்னால் ஜீப்காரன் முட்டிக்கொண்டு நிற்பான். ஒரு மணி நேரப் பயணத்தில் பாதிக்கு மேல் மலை என்றால் மேனுவல் எடுங்கள், அல்லது கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து டார்க் கன்வர்ட்டரோ சிவிடியோ (படிப்படியாகக் கியர் மாறாமல் சீராக இழுக்கும் ஆட்டோமேட்டிக்) உள்ள பழைய வண்டியாகப் பாருங்கள். பலேனோ 2022-ல் ஏஎம்டிக்கு மாறுவதற்கு முன்னால் சிவிடியில் வந்தது, அமேஸ் சிவிடியும் கிடைக்கிறது. கிளட்ச் தேய்மானம் என்ற கவலையே வேண்டாம்.

இன்னொன்று, க்விட் பட்டியலில் இருக்கிறது என்றால் ஒரு விஷயம் தெரிந்து எடுங்கள். அதில் டாஷ்போர்டில் வட்டக் குமிழ், டி, என், ஆர் மட்டும்தான். நாமே கியர் மாற்றும் எம் மோடு கிடையாது. டவுனுக்குப் போதும், மலை இறக்கத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

மேற்குவாசல் (செங்கோட்டை)

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. லோயர்கேம்ப் சார் சொல்வது புரிகிறது, ஆனால் முழங்கால் காரணமாக மேனுவல் இனி எனக்கு இல்லை. சிவிடி பழைய வண்டிகளின் விலையைப் பார்த்தேன், நல்ல நிலையில் இருப்பது பட்ஜெட்டைத் தாண்டுகிறது. எனக்கு மலைப்பகுதி மொத்தப் பயணத்தில் கொஞ்ச தூரம்தான், மீதி டவுனும் சாதா ரோடும்.

இன்னொரு சந்தேகம். எங்கள் வீட்டு வாசல் தெருவை விட நல்ல உயரம். ரிவர்ஸில் ஏற்றித்தான் உள்ளே விட வேண்டும். ஏஎம்டி ரிவர்ஸில் மேடு ஏறுமா? வீட்டுக்காரி புதிதாகப் பழகுபவள், அவளால் இதைச் செய்ய முடியுமா?

ரப்பர் தோட்டம் (புனலூர்)

அண்ணா, மேடான வீட்டு வாசல் பற்றிக் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும். நாங்கள் மூன்று தலைமுறையாகப் புனலூர்ப் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பம், இங்கே பாதி வீடு ரோட்டுக்கு மேலே, பாதி வீடு ரோட்டுக்குக் கீழே. நான் ஹூண்டாய் நியோஸ் ஏஎம்டி ஓட்டுகிறேன், கார் பழகியதே அதில்தான்.

ரிவர்ஸில் மேடு ஏறும், பயப்பட வேண்டாம். ஆனால் இஞ்ச் இஞ்சாக ஏற்றலாம் என்று நினைத்தால் நடக்காது. அந்த ஏற்றத்தில் சும்மா பிரேக்கை விட்டால் வண்டி மேலே நகராது, கீழேதான் சரியும். நான் செய்வது, முதலில் சமமான இடத்திலேயே வண்டியை நேராக்கிக்கொள்வேன், கண்ணாடி ரெண்டையும் பார்த்து கேட் தூண் சரியாக இருக்கிறதா என்று முடிவு செய்துகொள்வேன். அப்புறம் ஆர் போட்டு, மெதுவாக ஆனால் விடாமல் ஒரே சீராக ஆக்சிலேட்டர் கொடுத்து மேலே போய்விடுவேன். பாதி மேட்டில் நிறுத்தித் திருத்த வேண்டிய நிலை வந்தால் அங்கேயே மல்லுக்கட்டாமல் கீழே இறங்கி மறுபடி ஆரம்பிப்பது நல்லது. அங்கே நின்று முன்னும் பின்னும் ஆட்டுவதுதான் கிளட்சுக்குக் கெடுதல்.

வலது கால் ஒன்றுதான் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும். மதினியிடம் இதை முதல் நாளே அழுத்திச் சொல்லிவிடுங்கள். ஸ்கூட்டரிலிருந்து வருகிறவர்களுக்கு இடது காலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கும், அதை ஓரமாக வைத்து மறந்துவிட வேண்டும். ரெண்டு காலையும் வைத்து ஓட்டினால் அவசரத்தில் ரெண்டையும் சேர்த்து மிதித்துவிடுவார்கள்.

அப்புறம் பார்க்கிங். இந்தக் கார்களில் பி என்ற இடமே கிடையாது. டார்க் கன்வர்ட்டர் கார் ஓட்டிப் பழகிய என் சித்தப்பா வந்தபோது பி-யைத் தேடிக்கொண்டே இருந்தார். என்-ல் விட்டு அணைத்தால் வண்டியைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். சரிவான இடத்தில் அது போதாது. பிரேக்கை நன்றாக மிதித்தபடி, மேல் நோக்கி நிற்கிறது என்றால் டி, கீழ் நோக்கி நிற்கிறது என்றால் ஆர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, அந்தக் கியரிலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். அப்போது மேனுவல் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தியது போலவே பிடித்துக்கொள்ளும். காலையில் பிரேக்கை மிதித்து என்-க்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்யுங்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த சிமெண்ட் தரையில் நிறுத்துகிறீர்கள் என்றால் சக்கரத்துக்குச் சரிவின் கீழ்ப்பக்கமாக ஒரு கல்லும் வையுங்கள், நாங்கள் வைக்கிறோம்.

டிராஃபிக் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். புனலூர் டவுனில் தூக்குப்பாலம் பக்கம் சாயங்காலம் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகும். அங்கே பிரேக்கை மட்டும் விட்டு விட்டுப் பிடித்தால் வண்டி தானாக ஊர்ந்துகொண்டே போகும், சமதளத்தில் அது எவ்வளவு சுகம் என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு வேலை முடிந்து வரும்போது கால் வலி என்பதே இல்லாமல் போனது இந்த வண்டியால்தான். உங்கள் முழங்காலுக்கு இது பெரிய விடுதலை அண்ணா, அந்த மலை ஏற்றத்துக்குப் பயந்து இதை விட்டுவிடாதீர்கள்.

ஐந்தருவி ரோடு (தென்காசி)

கடை அடைத்தாயிற்று, மீதியைச் சொல்கிறேன்.

லோயர்கேம்ப் அண்ணன் சொன்ன தயக்கம் உண்மை. டி-ல் விட்டு மலை ஏறினால் வரத்தான் செய்யும். அதற்குத்தான் எம் மோடு. புளியரை செக்போஸ்ட் தாண்டியதும் எம்-க்குத் தள்ளிவிடுங்கள், கோட்டைவாசல் கருப்பசாமி கோவில் வரும் வரை அதிலேயே இருங்கள். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறக்கி, வளைவு முழுக்க அதே கியரில் இழுத்துப் போனால் அது யோசிக்கவே இடம் இருக்காது. வேகம் ரொம்பக் குறைந்துவிட்டால் எம்-ல் இருந்தாலும் தானே கீழ்க் கியருக்கு இறங்கிக்கொள்ளும், எஞ்சின் திணறி அணைந்துவிடாது. கிளட்ச் பெடல் இல்லையே தவிர இது கிட்டத்தட்ட மேனுவல் ஓட்டுவதுதான், எனக்கு மலையில் அது பிடித்தும் இருக்கிறது.

டாரஸ் லாரியை ஓவர்டேக் செய்யும் விஷயத்தில் மட்டும் மிகவும் கவனம். டி-ல் போய்க்கொண்டிருக்கும்போது எதிரே ரோடு காலி என்று பார்த்து ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தினால், கீழ்க் கியருக்கு மாறிவிட்டுத்தான் இழுக்கும். அந்த மாறுகிற கணத்தில் நீங்கள் ஏற்கெனவே வலப்பக்கம் ஏறி, லாரியின் நடுப்பகுதிக்கு வந்திருப்பீர்கள், வண்டி இழுக்காமல் தொங்கும். பார்க்கப் பகீர் என்று இருக்கும். லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே எம்-ல் ஒரு கியரோ இரண்டு கியரோ இறக்கி, எஞ்சின் சத்தம் ஏறியதை உறுதி செய்துகொண்டு, அப்புறம் வெளியே எடுங்கள். மாருதியின் இந்தச் சின்ன எஞ்சின்கள் 998 சிசி, 90 நியூட்டன் மீட்டர் சுமாருக்குத்தான் இழுவை, நாலு பேரும் ஏசியும் இருந்தால் மலையில் ஓவர்டேக் செய்ய நிறைய தூரம் வேண்டும். நேரான ரோடு வரும் வரை லாரிக்குப் பின்னாலேயே போவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இறக்கம். எஞ்சின் பிரேக் பிடிக்கும், அதுவும் நன்றாகவே. ஆனால் டி-ல் விட்டுக் காலை எடுத்தால் அது மேல் கியருக்குப் போய்விடும், பிடிமானம் குறைந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவீர்கள், கொஞ்ச நேரத்தில் பிரேக் சூடாகி மந்தமாகிவிடும். இறங்கத் தொடங்கும் முன்பே எம்-ல் இரண்டோ மூன்றோ போட்டுக்கொண்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். பெட்ரோல் மிச்சம் என்று சொல்லி என்-ல் உருட்டி இறக்குகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரேக் ஒன்றை மட்டும் நம்பி அந்த வளைவுகளில் இறங்குவது ஆபத்து, இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது காலை எடுத்துவிட்டால் பெட்ரோல் போவதே நின்றுவிடும், அதனால் மிச்சமும் ஒன்றும் இல்லை.

மலிவு வேலை என்று இதைச் சிலர் சொல்வது எனக்கு ஏற்காது. ஓடும்போது கிளட்ச் பெடலை மிதிக்காமலே மேனுவல் கியர்களை ஹைட்ராலிக்கில் (எண்ணெய் அழுத்தத்தில்) மாற்றும் யோசனை 1989-ல் ஃபெராரி 640 ரேஸ் காரில் வந்தது, அது ஓடிய முதல் ரேஸையே பிரேசிலில் ஜெயித்தது. அதன் எலெக்ட்ரானிக்ஸ் செய்த மாக்னெட்டி மாரெல்லி கம்பெனியின் ஏற்பாடுதான் பின்னாளில் நம்ம செலேரியோவுக்கும் வந்தது. மேனுவலை விட ஐம்பதாயிரம் சுமாருக்குக் கூடுதல் விலையில், மைலேஜ் குறையாமல், கால் வலிக்காரர் ஒருவர் கார் ஓட்ட முடிகிறது என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. 2014 செலேரியோவுக்கு மேனுவலுக்கும் ஏஎம்டிக்கும் ஒரே மைலேஜ் கணக்குதான் கொடுத்திருந்தார்கள், லிட்டருக்கு 23.1. ரோட்டில் அவ்வளவு வராது, ஆனால் மேனுவலுக்குக் குறைவாக வருவதும் இல்லை.

பட்டறை (கடையநல்லூர்)

பழைய வண்டி எடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லை, அது என் தொழில் என்பதால் நான் சொல்கிறேன்.

மாருதியின் இந்தச் செட் ஹைட்ராலிக். ஒரு சின்ன மின்சார பம்ப், அழுத்தம் சேர்த்து வைக்கும் ஒரு உருளை, தனி எண்ணெய், வால்வுகள். ஹூண்டாயில் ஹைட்ராலிக் இல்லை, மோட்டார்கள் கிளட்சையும் கியரையும் இயக்கும். மாருதியில் டிரைவர் கதவைத் திறந்ததும் முன்னாலிருந்து "உய்ய்ங்" என்று ஒரு சத்தம் வரும், புதிதாக வாங்குகிறவர்கள் கோளாறு என்று நினைத்து என்னிடம் கொண்டுவருகிறார்கள். கோளாறு இல்லை, நீங்கள் உட்காருவதற்குள் பம்ப் அழுத்தம் ஏற்றிக்கொள்கிறது. ஆனால் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, கியரே மாற்றாமல், அந்தச் சத்தம் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தால் அழுத்தம் எங்கோ இறங்குகிறது என்று அர்த்தம். அந்த வண்டியை விட்டுவிடுங்கள், அல்லது விலையில் நன்றாகக் குறைத்துப் பேசுங்கள், ஏனென்றால் அந்த யூனிட் மாற்றுவது பெரிய செலவு. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் செலவு அப்படியில்லை, மேனுவல் வண்டிக்குப் பக்கத்தில்தான் வரும்.

பார்க்கப் போகும்போது வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆறிய எஞ்சினில் முதல் நகர்வு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உதறிக்கொண்டு எடுத்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது கருகியிருக்கிறது. சாவியைப் போட்டதும் கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைய வேண்டும், எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள். அப்புறம் ஒரு நல்ல மேடாகப் பார்த்து ரிவர்ஸில் ஏற்றுங்கள். தேய்ந்த கிளட்ச் அங்கே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும், எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. ஸ்கேனர் (வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டியே வேண்டாம்.

கிளட்ச் மாற்றினால் ஒரு விஷயம் முக்கியம். புது பிளேட் போட்ட பிறகு அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். எங்கள் பாஷையில் கிளட்ச் லேர்னிங். ஸ்கேனர் இல்லாத பட்டறையில் பிளேட்டை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார்கள், வண்டி உதறும், "ஏஎம்டியே இப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படி இல்லை. லேர்னிங் செய்தாரா என்று கேட்டு, கண்ணால் பார்த்து வண்டியை எடுங்கள்.

மேற்குவாசல் (செங்கோட்டை)

பட்டறை அண்ணாச்சி, இவ்வளவு விவரம் எங்கேயும் கிடைக்கவில்லை, நன்றி. பேட்டரி பற்றி யாரோ பயமுறுத்தினார்கள். பேட்டரி போனால் இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாதாமே? ஆரியங்காவு காட்டு ரோட்டில் ராத்திரி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

பட்டறை (கடையநல்லூர்)

தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, அது உண்மை. அதைவிட முக்கியம், கியரில் போட்டு நிறுத்திய வண்டியில் பேட்டரி முழுசாகச் செத்துவிட்டால் லிவரை என்-க்குக் கொண்டுவந்தாலும் உள்ளே கியர் விடுபடாது, தள்ளவே முடியாது. லிவர் வெறும் சுவிட்ச்தான். கியரை விடுவிக்க மின்சாரம் வேண்டும். மீட்பு வண்டிக்காரர் வந்தால் முன்சக்கரம் இரண்டையும் தூக்கித்தான் இழுக்கச் சொல்ல வேண்டும்.

அதனால் பயப்பட வேண்டாம், ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். டிக்கியில் ஒரு ஜம்ப்பர் கேபிள் போட்டு வையுங்கள், தடிமனானதாக, மெல்லிசு வாங்காதீர்கள். எந்தக் கார்காரர் நின்று உதவினாலும் அவர் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், கேரளாவில் ரோட்டில் நிறுத்தி உதவுகிறவர்கள் நிறைய. பேட்டரியை முழுசாகச் சாகும் வரை விடாதீர்கள், ஸ்டார்ட் ஆவது ஒரு நாள் இழுக்கிறது என்றாலே சோதித்துவிடுங்கள். பேட்டரி பலவீனமான ஏஎம்டி கியர் மாறுவதிலும் விதவிதமாகக் கோளாறு காட்டும், கியர்பாக்ஸ் போச்சு என்று என்னிடம் வந்த வண்டிகளில் பேட்டரி மாற்றியதும் சரியானவை உண்டு.

ரப்பர் தோட்டம் (புனலூர்)

அண்ணா, எடுப்பதற்கு முன்னால் டெஸ்ட் டிரைவ் தென்காசி பைபாஸில் மட்டும் கொடுப்பார்கள், அதோடு விட்டுவிடாதீர்கள். புளியரை வரைக்கும் வேண்டும் என்று கேளுங்கள். அம்மாவையும் மதினியையும் பின்சீட்டில் உட்கார வைத்து, ஏசி போட்டு, எஸ் வளைவு ஏறி இறங்கிப் பாருங்கள். மதினி ஓட்டப் போகிறார் என்றால் உங்கள் வீட்டு வாசலில் ஒருமுறை ரிவர்ஸும் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேற்குவாசல் (செங்கோட்டை)

கேட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில் மலைக்குத் தர மாட்டோம் என்றார்கள். இன்னொரு இடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில், லாரி கூட்டம் குறைவான நேரத்தில், அவர்கள் ஆளையும் கூட வைத்துக்கொண்டு ஆரியங்காவு வரை போகலாம் என்று ஒத்துக்கொண்டார்கள், வண்டி ஹில் ஹோல்ட் உள்ள வேகன்ஆர். எனக்கு லாரி கூட்டம் இருக்கிற நேரமே வேண்டும், அதனால் சனிக்கிழமை சாயங்காலம் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். பட்டறை அண்ணாச்சி, கடையநல்லூரில் ஒரு 2019 செலேரியோவும் பார்த்து வைத்திருக்கிறேன், ஸ்கேனர் போட ஓனர் சம்மதித்துவிட்டார், உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்?

பட்டறை (கடையநல்லூர்)

செவ்வாய் தவிர எந்த நாளும் வாங்க. காலையில் சீக்கிரம் வரச் சொல்லுங்கள், ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியாக இருக்கட்டும். உங்கள் வீட்டுக்காரியையும் கூட்டிவாருங்கள், பட்டறைக்குப் பின்னால் நல்ல மேடு ஒன்று இருக்கிறது, ரிவர்ஸை அங்கேயே பார்த்துவிடலாம்.